மாணவர் திரில்லர் குறும்படம்: யாருக்காக எடுக்கிறோம், அவர்களை எப்படி வரவழைப்பது?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொண்டேன். படிப்பின் இறுதிப் பணியாக 12 நிமிட திரில்லர் குறும்படம் எடுக்கப்போகிறீர்கள். வேலைக்காகப் புது ஊருக்கு வந்து தனியறையில் தங்கியிருக்கும் ஒரு பெண்ணுக்கு, அவளுடைய அறைக்குள்ளேயே எடுத்த புகைப்படங்கள் தெரியாத எண்ணிலிருந்து வர ஆரம்பிக்கின்றன. இதுதான் கதை. படப்பிடிப்புக்கு ஆறு வாரம் இருக்கிறது. இலக்குப் பார்வையாளர் யார் என்ற இடத்தில் "15 முதல் 35 வயதுவரை உள்ள, திரில்லர் பிடித்தவர்கள்" என்று எழுதிக் கொடுத்தீர்கள். ஆசிரியர் போதாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பெண்களின் பயத்தைப் பேசும் படம் என்பதால் ஆண்கள் பார்க்காமல் போய்விடுவார்களோ என்ற கவலையும் உங்களுக்கு இருக்கிறது.

பல வருடங்களாக மாணவர் குறும்படங்களை எடிட் செய்துகொடுக்கிறேன், சிறிய திரையிடல்களும் நடத்துகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், ஆசிரியர் திருப்பிக் கொடுத்தது நியாயம்தான். பார்வையாளரைப் பற்றி நீங்கள் எழுதும் வாக்கியத்துக்கு ஒரே ஒரு பரீட்சை உண்டு. அதை எழுதியபிறகு படத்தில் ஏதாவது ஒன்று மாறவேண்டும்: ஒரு ஷாட், ஒரு ஒலி, நீளம், தலைப்பு, ஏதோ ஒன்று. "15 முதல் 35" என்று எழுதி எதையும் மாற்ற முடியாது. 15 வயதில் இருப்பவர் படுக்கையில் போர்வைக்குள் போனில் படம் பார்ப்பார். 35 வயதுக்காரர் குழந்தை தூங்கியபிறகு சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்ப்பார். இருவருக்கும் பயம் ஒன்றல்ல, பொறுமையும் ஒன்றல்ல.

திரில்லருக்குப் பார்வையாளரைத் தேடும்போது வயதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பயத்தைப் பாருங்கள். இந்தக் கதையில் இருக்கும் பயம் ஏற்கெனவே யாருக்குள் குடியிருக்கிறது? உங்கள் கதைக்கு விடை கையருகிலேயே இருக்கிறது. முதல்முறையாக வீட்டைவிட்டு வந்து தனியாகத் தங்கியவர்கள். அறையின் இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒருநாளாவது யோசித்தவர்கள். ராத்திரி நடைபாதையில் காலடிச் சத்தம் கேட்டால் அது தன் கதவைத் தாண்டிப் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். இவர்கள் பெரும்பாலும் 18 முதல் 25 வயதுக்குள் இருப்பார்கள். பயத்தைத் தேடிப் போனதால் வயது தானாகவே வந்துவிட்டது, கவனியுங்கள். இவர்களுக்கு வெளியே இன்னொரு வட்டம் உண்டு: இப்படிப் பிள்ளையையோ தங்கையையோ வெளியூருக்கு அனுப்பிவிட்டு, போன் எடுக்கவில்லை என்றால் துடித்துப்போகிறவர்கள். முதல் வட்டத்துக்காகப் படம் எடுங்கள். படம் உண்மையாக இருந்தால் இரண்டாம் வட்டத்துக்கு அதை அவர்களே அனுப்பிவைப்பார்கள்.

இதே பயத்தை இரண்டு விதமான ரசிகர்கள் இரண்டு விதமாக அனுபவிப்பார்கள். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ எடுத்த நீண்ட பேட்டியில் திரில்லர் இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன, மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டு உதாரணத்தை வகுப்பில் கேட்டிருப்பீர்கள். இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று குண்டு வெடித்தால் ரசிகருக்குக் கிடைப்பது 15 நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்பே ரசிகருக்குக் காட்டிவிட்டால் அதே பேச்சு 15 நிமிடப் பதைபதைப்பு ஆகிவிடும். திரைக்கதை வகுப்பில் இதை எழுதும் உத்தியாக மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் இதைப் பார்வையாளரைப் பிரிக்கவும் பயன்படுத்துவேன். ரசிகர்களில் ஒரு சாரார் புதிரை அவிழ்க்க வருகிறவர்கள். யார் செய்தது, எங்கே துப்பு இருந்தது என்று தேடுவார்கள், திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள், நண்பருக்கு அனுப்பி "கண்டுபிடி" என்பார்கள். இன்னொரு சாரார் பதைபதைக்க வருகிறவர்கள். அவர்களுக்கு யார் செய்தது என்பதைவிட அந்தப் பெண் அடுத்த கதவைத் திறப்பாளா என்பதுதான் முக்கியம். இவர்கள் கூட்டமாக, இருட்டில் பார்க்க ஆசைப்படுவார்கள்.

உங்கள் கதையை இரண்டு பக்கமும் கொண்டுபோகலாம். ஆனால் 12 நிமிடத்தில் இரண்டையும் முழுதாகச் செய்ய இடமில்லை. புகைப்படம் அனுப்புவது யார் என்பதைக் கடைசிவரை மறைத்தால் அது புதிர்ப்படம். அலமாரிக்குள் ஆள் இருப்பதை நான்காவது நிமிடத்திலேயே ரசிகருக்குக் காட்டிவிட்டு, அவளுக்கு மட்டும் தெரியாமல் வைத்தால் அது பதைபதைப்புப் படம். எதை எடுக்கிறீர்கள் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். போஸ்டர், ட்ரெய்லர், வெளியிடும் இடம் எல்லாம் இந்த ஒரு முடிவின் பின்னால் வரும். என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். குறும்படத்தில் கதாபாத்திரங்களே மூன்றோ நான்கோதான் இருக்கும், அதனால் யார் குற்றவாளி என்பதைப் பழகிய ரசிகர்கள் பாதியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பதைபதைப்புக்கு அந்தப் பலவீனம் கிடையாது.

அடுத்து, நீங்கள் நினைக்கும் அந்தப் பார்வையாளர் நிஜமாகவே இருக்கிறாரா என்று போய்ப் பார்க்கவேண்டும். எட்டுப் பேர் போதும், ஆளுக்கு 20 நிமிடம். கூகுள் ஃபார்ம் அனுப்பி 100 பேரிடம் "உங்களுக்கு திரில்லர் பிடிக்குமா?" என்று கேட்டால் எல்லோரும் பிடிக்கும் என்றுதான் டிக் செய்வார்கள். அதில் வட்ட வரைபடம் போட்டு அறிக்கையை அழகாக்கலாம், படத்துக்கு ஒரு பயனும் இல்லை. "என் படத்தைப் பார்ப்பீர்களா?" என்பதும் வீண்கேள்வி. முகத்துக்கு நேரே யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக எந்தத் திரில்லரைப் பாதியில் நிறுத்தினீர்கள், எந்த இடத்தில்? எதைத் தனியாகப் பார்த்தீர்கள், எதற்குத் துணை தேவைப்பட்டது? அப்போது கையில் இருந்தது போனா, லேப்டாப்பா? விளக்கு எரிந்ததா? யார் சொல்லி அந்தப் படத்தைப் பார்த்தீர்கள்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். உங்கள் படம் எந்த வழியாகப் பரவும் என்பதற்கான வரைபடம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

அதன்பிறகு, அவர்கள் விரும்பினால் மட்டும், தனியாகத் தங்கியபோது பயந்த ஓர் இரவைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் கற்பனைக்கு எட்டாத விவரங்கள் வரும். பயத்தில் போனை எடுத்து யாருடனோ பேசுவதுபோல நடித்தேன் என்பார் ஒருவர். வாசலில் இன்னொரு ஜோடி செருப்பைப் போட்டு வைத்திருப்பேன் என்பார் இன்னொருவர். இப்படி ஒரே ஒரு விவரம் படத்தில் இருந்தால்கூட, இந்தப் படம் நமக்காக எடுத்தது என்று அந்தக் கூட்டம் உடனே புரிந்துகொள்ளும். ஆனால் எல்லை தெரிந்து நடந்துகொள்ளுங்கள். பின்தொடரப்பட்ட அனுபவம் பலருக்கு ஆறாத காயம். அழுத்திக் கேட்காதீர்கள். ஒருவர் சொன்ன சம்பவத்தை அப்படியே படமாக்க நினைத்தால் அவரிடம் திரும்பப் போய் அனுமதி கேளுங்கள்.

எட்டுப் பேரிடமும் பேசி முடித்தபின் ஒரே ஒரு ஆளை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அவர் கற்பனை ஆளாக இருந்தாலும் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் உங்களிடம் சொன்னதாக இருக்கவேண்டும். வயது 22, வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம், ராத்திரி பதினொன்றுக்குமேல் போனில் ஒரு காதில் மட்டும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்ப்பார், இன்னொரு காது கதவுப் பக்கம். அந்த "ஒரு காது" உங்கள் சவுண்ட் டிசைனையே மாற்றிவிடும் விவரம். இடப்பக்க ஸ்பீக்கரில் மட்டும் கேட்கிற காலடிச் சத்தத்தை நம்பி ஒரு காட்சியை அமைத்தால் இவருக்கு அது கேட்காமலே போகலாம்.

அறிக்கைக்குக் கோட்பாடு வேண்டுமென்றால் அதையும் சொல்லிவிடுகிறேன். வயது, பாலினம், வருமானம், படிப்பு போன்றவை மக்கள்தொகைக் கூறுகள். விருப்பம், மனப்பான்மை, வாழும் விதம் ஆகியவை உளவியல் கூறுகள். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள், உங்கள் படத்துக்கு இரண்டாவதுதான் கனமானது என்பதையும் காரணத்தோடு எழுதுங்கள். 1970களில் மெக்குவைல், ப்ளம்லர், காட்ஸ் போன்ற ஊடக ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த பயன்பாடும் மனநிறைவும் என்ற கோட்பாடு, ஊடகம் மக்களை என்ன செய்கிறது என்பதோடு மக்கள் ஊடகத்தை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்றும் கேட்கிறது. பொழுதுபோக்க, பிறரோடு பேசப் பொருள் தேட, தன்னையே அடையாளம் காண, சுற்றி நடப்பதைத் தெரிந்துகொள்ள என்று நான்கு காரணங்களை அதில் சொல்வார்கள். உங்கள் பார்வையாளருக்கு மூன்றாவதும் நான்காவதும் பொருந்தும்: தன் பயத்தைத் திரையில் அடையாளம் காண்கிறார், இப்படியும் நடக்கலாம் என்று தெரிந்துகொள்கிறார்.

தணிக்கைச் சான்றிதழ் பற்றியும் ஒரு பத்தி எழுதுங்கள். பிரிட்டனில் 12ஏ, 15, 18 என்று வயதுப் பிரிவுகள். அமெரிக்காவில், 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பெற்றோரை எச்சரிக்கும் பிஜி-13 பிரிவு 1984 முதல் இருக்கிறது. இந்தியாவில் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கவேண்டிய யுஏ பிரிவை 2024 முதல் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். மாணவர்கள் பெரும்பாலும் ரத்தத்தை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் தொடர்ந்து நீடிக்கும் அச்சுறுத்தலையும் தணிக்கையாளர்கள் எடைபோடுவார்கள். உங்கள் படத்தில் ஒரு துளி ரத்தம்கூட இல்லாவிட்டாலும், படுக்கையறைக்குள் ஒளிந்திருப்பவன் என்ற ஒன்றே அதைச் சிறுவர்களுக்கு ஏற்றதல்ல என்று ஆக்கிவிடும். 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் குறிவைக்கவில்லை என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

இனி படப்பிடிப்புக்கு வருவோம். பார்வையாளரை முடிவு செய்ததன் பலன் இங்கேதான் தெரியும்.

உங்கள் ஆள் போனில் பார்க்கிறார் என்றால், முதல் எதிரி இருட்டு. திரில்லர் என்றாலே இருட்டில் எடுக்கவேண்டும் என்று ஒளிப்பதிவு செய்கிற நண்பர் சொல்வார். நான் எடிட் செய்த ஒரு படத்தில் முக்கியமான ஏழு ஷாட்கள் இருண்ட நடைபாதையில் நடந்தன. கலர் கிரேடிங் (படத்தின் நிறத்தையும் ஒளியையும் சீராக்கும் வேலை) செய்த அறையில், நல்ல மானிட்டரில், விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் பார்த்தபோது அற்புதமாக இருந்தது. திரையிட்ட கூடத்தில் ஜன்னல் திரைகள் சரியாக மூடவில்லை. ப்ரொஜெக்டரில் அந்த ஏழு ஷாட்டும் வெறும் சாம்பல் நிறம். பின்வரிசையில் இருந்தவர்கள் பக்கத்தில் இருந்தவரிடம் "இப்ப என்ன நடக்குது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆறு மாத உழைப்பு அந்த இரண்டு நிமிடத்தில் கரைந்துபோனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் அது மனதைவிட்டுப் போகவில்லை. இருட்டைக் காட்ட முழு இருட்டு தேவையில்லை. சட்டகத்தில் ஏதோ ஓரிடத்தில் வெளிச்சம் இருந்தால்தான் மற்ற இடம் இருட்டாகத் தெரியும். கதவிடுக்கு, போன் திரை, தெருவிளக்கு என்று ஒரு மூலத்தை வைத்து, முகத்தின் விளிம்பையாவது பிடியுங்கள். கிரேடிங் முடிந்ததும் படத்தை ஒரு சாதாரண போனில் போட்டு, திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, பகலில் பாருங்கள். கதை புரிகிறதா என்பது மட்டும்தான் அப்போது கேள்வி.

ஒலியிலும் இதே பிரச்சினை உண்டு. பதற்றத்துக்காக அடியில் ஓடவிடும் கனமான முழக்கம் போன் ஸ்பீக்கரில் கிட்டத்தட்டக் கேட்காது. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தச் சின்ன ஸ்பீக்கர்களுக்குத் தெம்பு இல்லை. அந்த முழக்கத்தோடு கொஞ்சம் ஒலிச்சிதைவை (டிஸ்டார்ஷன்) சேர்த்து, சின்ன ஸ்பீக்கரிலும் கேட்கும் மேல்சுருதிகளை உண்டாக்குங்கள், அல்லது பயத்தை வேறு ஒலிக்கு மாற்றுங்கள். மின்விசிறியின் கிரீச், குளிர்சாதனப் பெட்டி சட்டென்று நிற்பது, மெசேஜ் வரும்போது மேசைமேல் போன் அதிர்வது என எல்லாமே சின்ன ஸ்பீக்கரிலும் துல்லியமாகக் கேட்கும். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலை முதல் நிமிடத்திலிருந்தே வைத்துவிட்டு ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்திப் பாருங்கள். தனியறையில் இருந்தவருக்கு அந்த மௌனம் உடம்பில் உறைக்கும்.

உங்கள் கதையில் மெசேஜ்களும் புகைப்படங்களும் நிறைய வருகின்றன. போன் திரையை ஷாட்டாக எடுத்தால், அதைப் போனிலேயே பார்ப்பவருக்கு எழுத்து எறும்பு அளவுதான் தெரியும். செய்தியைத் திரையில் பெரிதாக எழுத்தாகக் காட்டுங்கள். எவ்வளவு நேரம் வைப்பது என்றால், வாய்விட்டு இரண்டுமுறை படித்து முடிக்கும்வரை. சப்டைட்டிலைப் பிறமொழிக்காரருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், சத்தமில்லாமல் பார்ப்பவர்கள் ஏராளம். கேமரா ஃபிளாஷ் தொடர்ந்து மின்னும் காட்சி இருந்தால் ஒரு நொடிக்கு மூன்றுக்குமேல் மின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒளி மின்னினால் வலிப்பு வரக்கூடியவர்களும் உங்கள் பார்வையாளர்கள்தான்.

தொடக்கத்தை எங்கே வெளியிடப்போகிறீர்கள் என்பதை வைத்து அமைக்கவேண்டும். திரையரங்கில் உட்கார்ந்தவர் இரண்டு நிமிடம் பொறுப்பார். போனில் கட்டைவிரல் காத்திருக்காது. கல்லூரிப் பெயர், குழுவின் லோகோ, தயாரிப்பாளர் பெயர், நன்றி என்று 40 நொடி போன படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளுங்கள். முதல் ஷாட்டிலேயே ஏதோ சரியில்லை என்ற உணர்வு வரவேண்டும். அவள் தூங்கிக்கொண்டிருக்கும் புகைப்படம், அவள் கையிலேயே, காலை வெளிச்சத்தில். அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

ரஃப் கட் (முதல்கட்ட எடிட்) முடிந்ததும் ஐந்து பேருக்குப் போட்டுக்காட்டுங்கள். நடித்தவர்கள், வகுப்புத் தோழர்கள், வீட்டார் யாரும் வேண்டாம். அவர்கள் உங்களைப் பார்ப்பார்கள், படத்தைப் பார்க்கமாட்டார்கள். நீங்கள் எழுதிவைத்த அந்த 22 வயதுக்காரரைப் போன்றவர்கள்தான் வேண்டும். முன்கூட்டிக் கதையையோ மன்னிப்பையோ சொல்லாதீர்கள். பக்கவாட்டில், அவர்கள் முகம் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து, நேரத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். எந்த நிமிடத்தில் போனைத் தொட்டார், எங்கே சாய்ந்து உட்கார்ந்தார், எங்கே கை வாய்க்குப் போனது? வாய் பொய் சொல்லும், உடம்புக்கு அது தெரியாது. எட்டாவது நிமிடத்தில் படத்தை நிறுத்திவிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: "அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" ஐந்து பேரும் ஒரே பதிலைச் சரியாகச் சொன்னால் முடிவு முன்பே கசிந்துவிட்டது. ஐந்து பேருக்கும் பதிலே இல்லையென்றால் அதைவிட மோசம், அவர்கள் கதையைப் பின்தொடரவே இல்லை. இரண்டு மூன்று வெவ்வேறு பதில்கள், ஒவ்வொன்றுக்கும் படத்திலிருந்தே ஒரு காரணம். அந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

இதில் குழப்பத்தையும் ஆர்வத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகவேண்டும். "அவன் ஏன் சாவியைத் திருப்பிக் கொடுத்தான்?" என்று கேட்டால் அது ஆர்வம், அதைத் தொடாதீர்கள். "அவன் யாரு, முன்னாடி வந்தவனா?" என்று கேட்டால் அது குழப்பம், உடனே சரிசெய்யவேண்டும். மாணவர் திரில்லர்களில் இந்த இரண்டாவது கேள்வியை மர்மம் என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். ரசிகர் படத்தைக் கைவிடும் இடம் பெரும்பாலும் அதுதான்.

இப்போது வரவழைக்கும் பகுதி. முதலில் ஒரு வரிக் கதை. ஆள், ஆபத்து, கெடு (நேரம் தீர்ந்துகொண்டே வருகிறது என்ற நெருக்கடி) என்ற மூன்றும் அதில் இருக்கவேண்டும். "மர்மமான சம்பவங்களைச் சந்திக்கும் ஒரு பெண்ணின் கதை" என்றால் யாரும் நின்று படிக்கமாட்டார்கள். "தினமும் காலையில் அவளுக்கு ஒரு புகைப்படம் வருகிறது, ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஓரடி நெருக்கத்தில் எடுத்தது." இதில் கெடு தானாகவே இருக்கிறது: கடைசிப் புகைப்படம் எவ்வளவு நெருக்கமாக இருக்கும்? இந்த நெருங்கும் எண்ணம் உங்கள் திரைக்கதையில் இல்லையென்றால் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள், தாராளமாகத் தருகிறேன். ஒரு வரியைச் செதுக்கும்போது கதையே சரியாவது அடிக்கடி நடக்கும்.

தலைப்பில் "நிழல்", "இருள்", "யார்" போன்ற ஒற்றைச் சொற்கள் வேண்டாம். அதே பெயரில் ஏற்கெனவே எத்தனையோ படங்கள் இருக்கும். உங்கள் படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர் தேடினால் கிடைக்காது. "ஓரடி நெருக்கம்" போல உங்கள் கதைக்கு மட்டும் பொருந்துகிற, எளிதில் எழுதித் தேடக்கூடிய இரண்டு சொற்களாக வையுங்கள். போஸ்டரில் எல்லா நடிகர் முகமும் வேண்டாம், ஒரே ஒரு பொருள் போதும். கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தபோதும் என்னவென்று தெரியவேண்டும்.

ட்ரெய்லர் 40 நொடியைத் தாண்டவேண்டாம். படத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மட்டும் காட்சிகளை எடுங்கள். கிளைமாக்ஸில்தான் நல்ல ஷாட்கள் இருக்கின்றன என்று கை அரிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். 2009இல் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' படத்தின் ட்ரெய்லர், திரையரங்க இருக்கைகளில் துள்ளி அலறும் ரசிகர்களின் முகங்களை இரவுக் கேமராவில் காட்டியது. படத்தைக் காட்டுவதைவிடப் படம் மனிதர்களை என்ன செய்கிறது என்று காட்டுவது வலுவானது என்பதற்கு அது நல்ல பாடம். உங்கள் ரஃப் கட் பார்த்த ஐந்து பேரும் சம்மதித்தால் அவர்கள் முகங்களை வைத்தே ஒரு டீசர் செய்யலாம், செலவே இல்லை. பின்னணிக்குப் பிரபலமான இசையை எடுத்துப் போடாதீர்கள். யூடியூப் அதைக் கண்டுபிடித்துவிடும், விழாக்களும் இசை உரிமையைக் கேட்கும்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்லவேண்டும். 1999இல் 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' படத்துக்காக, நடித்தவர்களைக் காணவில்லை என்று நிஜம்போலவே அறிவிப்புகள் ஒட்டினார்கள். அதற்கு முன்பே இணையதளத்தில் அந்தக் கட்டுக்கதையை உண்மைபோல வளர்த்திருந்தார்கள். பெரிய வெற்றி. நடிகை ஒருவரின் தாய்க்கு நிஜமாகவே அனுதாபக் கடிதங்கள் வந்தன. இதைப் படித்துவிட்டு, தெரியாத எண்ணிலிருந்து மாணவிகளுக்கு மர்மப் புகைப்படம் அனுப்பி விளம்பரம் செய்யலாம் என்று உங்கள் குழுவில் ஒருவர் நிச்சயம் சொல்வார். அனுமதிக்காதீர்கள். உங்கள் படம் யாருடைய பயத்தைப் புரிந்துகொள்கிறதோ, அவர்களுக்கே அந்தப் பயத்தை நிஜத்தில் கொடுப்பதாகிவிடும். சட்டச் சிக்கலும் வரும். அதைவிட, அந்தக் கூட்டம் உங்களை மறுபடி நம்பாது.

எங்கே வெளியிடுவது? விழாக்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் விதிகளைப் படித்துவிட்டுத்தான் இணையத்தில் ஏற்றவேண்டும். ஏற்கெனவே பொதுவில் வெளியான படத்தைப் பல விழாக்கள் ஏற்பதில்லை. அதுவரை கடவுச்சொல் போட்ட இணைப்பு போதும். விழா அமைப்பாளர்கள் ஒரு தொகுப்புக்குள் பல படங்களை அடுக்கவேண்டும், அதனால் 8 நிமிடப் படத்துக்கு இடம் கிடைப்பது 12 நிமிடப் படத்தைவிட எளிது. உங்கள் கதையை 9 நிமிடத்துக்குள் கொண்டுவர முடியும் என்று நினைக்கிறேன்.

விழாவோ இல்லையோ, ஒருமுறையாவது நேரில், இருட்டறையில், கூட்டமாகத் திரையிடுங்கள். பயம் பக்கத்து இருக்கைக்குத் தொற்றும். 1960இல் 'சைக்கோ' வெளியானபோது படம் தொடங்கியபின் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் கறாராக வைத்தார். கதையைக் காப்பாற்றுவதற்கான அந்த ஏற்பாடே விளம்பரமும் ஆயிற்று. நீங்களும் கதவை மூடுங்கள், அதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

இணையத்தில் ஏற்றும்போது முதல் நாளில் உறவினர் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுப் பார்வை எண்ணிக்கையை ஏற்ற ஆசை வரும். அன்பினால் திறப்பார்கள், ஒரு நிமிடத்தில் மூடிவிடுவார்கள். யாருக்காக எடுத்தீர்களோ அவர்கள் எங்கே நின்றார்கள் என்பது அந்த எண்களுக்குள் தெரியாமல் போய்விடும். முதலில் பேட்டி கொடுத்த அந்த எட்டுப் பேருக்கு அனுப்புங்கள், ராத்திரி பத்து மணிக்குமேல். அவர்கள் விரும்பினால் தங்கள் விடுதிக் குழுவுக்கும் பழைய அறைத்தோழிகளுக்கும் அனுப்பட்டும். சில நாள் கழித்து யூடியூபில் எந்த நொடியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்ற வரைகோட்டைப் பாருங்கள். கோடு சட்டென்று சரியும் இடம் எடிட்டிங்கில் விட்ட தவறு. ஓரிடத்தில் மேலே எழும்பினால் அங்கே திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அது துப்பு இருக்கும் ஷாட்டாக இருந்தால் மகிழுங்கள். படிக்க முடியாத மெசேஜாக இருந்தால் அடுத்த படத்துக்குக் குறித்துவையுங்கள். கருத்துப் பகுதியில் யாராவது ஊகம் எழுதினால் சரி என்றோ தவறு என்றோ சொல்லாமல், "எந்த ஷாட்டில் அப்படித் தோன்றியது?" என்று திருப்பிக் கேளுங்கள். பேச்சு வளரும்.

கடைசியாக ஆண்களைப் பற்றிய உங்கள் கவலை. யார் பக்கம் நின்று கதை சொல்கிறீர்களோ அவர் உடம்புக்குள் ரசிகரை உட்காரவைப்பதுதான் திரில்லரின் வேலை. இதேபோல் தனியறைப் பெண்ணைப் பற்றிய ஒரு மாணவர் படத்தை ஒருமுறை திரையிட்டேன். முடிந்ததும் எல்லோரும் நடித்த பெண்ணைச் சூழ்ந்துகொண்டார்கள். ஓரமாக நின்ற ஒரு பையன் என்னிடம் வந்து, "எங்க அக்கா ரூமுக்குப் போனா தினமும் மெசேஜ் போடுவா சார், 'கதவு பூட்டிட்டேன்'னு. நான் பதில்கூடப் போட்டதில்ல" என்றான். பேசிக்கொண்டே போனை எடுத்தான், அப்படியே வெளியே நடந்தான்.